பாதியில் நின்ற டவுன்லோடை டெர்மினலில் தொடர்வது எப்படி

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04-இன் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ, அதாவது அதை நிறுவுவதற்கான ஒற்றைக் கோப்பு, 5 ஜிபிக்கு மேல் வரும். அதை பிரவுசரில் இறக்கும்போது 90 சதவீதத்தில் நெட் போய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தால் அன்றைய டேட்டா அவ்வளவுதான். பெரிய கோப்பு எதுவானாலும் டெர்மினலில், அதாவது கமாண்டுகளை அடிக்கும் விண்டோவில், இறக்குங்கள்.

லினக்ஸ் என்றால் டபிள்யூகெட் (wget) என்ற டவுன்லோட் கமாண்ட் போதும். டவுன்லோட் லிங்க்கை காப்பி செய்துகொண்டு, டெர்மினலில் டபிள்யூகெட், ஒரு ஸ்பேஸ், ஹைஃபனோடு சின்ன சி, அப்புறம் லிங்க் என்று அடியுங்கள். அந்த சி-யை மட்டும் விட்டுவிடாதீர்கள். இணைப்பு நடுவில் அறுந்தால் டபிள்யூகெட் தானாகவே 20 முறை வரை முயலும், அதையும் தாண்டி நின்றுபோனாலோ நீங்களே கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தினாலோ, அதே ஃபோல்டரில் அதே கமாண்டை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சி இல்லாமல் கொடுத்தால் பாதிக் கோப்பு அப்படியே கிடக்கும், பெயருக்குப் பின்னால் .1 ஒட்டிக்கொண்டு இன்னொன்று முதலிலிருந்து இறங்கும்.

லிங்க்கை எப்போதும் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். நடுவில் & குறி இருந்தால், நாம் அடிக்கும் கமாண்டைப் படிக்கும் ஷெல் அதோடு லிங்க்கை வெட்டிவிடும், கிடைப்பது வேறு ஏதோ ஒன்றாக இருக்கும்.

மேக்கில் டபிள்யூகெட் கூடவே வருவதில்லை, அதே வேலையைச் செய்யும் கர்ல் (curl) இருக்கிறது. விண்டோஸ் 10-லும் 2018 முதல் கர்ல் உண்டு, ஆனால் விண்டோஸின் கமாண்ட் விண்டோவான பவர்ஷெல் 5.1-இல் வெறும் கர்ல் என்று அடித்தால் வேறொரு கமாண்ட் ஓடும், அதனால் கடைசியில் .இஎக்ஸ்இ சேர்த்து (curl.exe) அடியுங்கள், விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் இரட்டை மேற்கோள் போடுங்கள். கர்லுக்கு எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும்: ஹைஃபனோடு பெரிய ஓ போட்டால்தான் கோப்பு அதன் சொந்தப் பெயரில் சேமிக்கப்படும், பெரிய எல் போட்டால்தான் சர்வர் வேறு முகவரிக்கு அனுப்பும்போது பின்னாலேயே போகும், தொடர வேண்டுமென்றால் ஹைஃபனோடு பெரிய சி, ஸ்பேஸ், தனியாக ஒரு ஹைஃபன். சின்ன எஃப்-ஐயும் சேர்ப்பது நல்லது. இல்லையென்றால் கோப்பு இல்லை என்று சொல்லும் 404 பிழைப் பக்கத்தையே ஐஎஸ்ஓ என்ற பெயரில் சேமித்துவிடும்.

இறங்கி முடிந்ததும் நேராக பென்டிரைவில் எழுதிவிடாதீர்கள். கோப்பு சரியாக இறங்கியதா என்று பார்க்க, லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம் (sha256sum) என்று அடித்து கோப்பின் பெயரைக் கொடுத்தால் 64 எழுத்து வரும். ஐஎஸ்ஓ இருந்த அதே பக்கத்தில் உபுண்டு கொடுத்திருக்கும் 64 எழுத்தோடு அது முழுக்கப் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் தொடர்ந்து இறக்கிப் பயனில்லை, நீங்கள் பாதியில் நிறுத்திய பிறகு சர்வரில் கோப்பே மாறியிருக்கலாம், அழித்துவிட்டு புதிதாக இறக்குங்கள். சில சர்வர்கள் விட்ட இடத்திலிருந்து கொடுக்கவே மாட்டா, கர்ல் 33 என்ற பிழை எண் காட்டினால் அதுதான் காரணம், அப்போது வேறொரு மிரர், அதாவது அதே கோப்பை வைத்திருக்கும் வேறு சர்வரின், லிங்க்கைத் தேடுங்கள்.