ஜனாதிபதி வேட்பாளரின் விஞ்ஞாபனத்தை எடைபோடுவது எப்படி?

இலங்கையில் அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டும். முதல் தடவை பதவியில் இருப்பவர் நான்கு ஆண்டு முடிந்தபின் முன்கூட்டியே தேர்தலுக்கு அழைக்கவும் அரசியலமைப்பு இடம் தருகிறது. எப்போது வந்தாலும் விஞ்ஞாபனங்கள் தடித்த புத்தகங்களாகத்தான் வரும். அவற்றை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தேவையில்லை.

ஒரு பேனையை எடுத்து, "வழங்குவோம்", "நீக்குவோம்", "நடத்துவோம்" என்று முடியும் வரிகளை மட்டும் கோடிடுங்கள். "ஊக்குவிப்போம்", "கவனம் செலுத்துவோம்" என்பவற்றை விட்டுவிடலாம். ஐந்து வருடம் கழித்து அவற்றைப் பற்றி யாரையும் கேள்வி கேட்க முடியாது. பிறகு, கோடிட்ட ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எண் எழுதுங்கள். ஜனாதிபதியின் கையொப்பமே போதுமென்றால் 1. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் சாதாரண பெரும்பான்மை வேண்டுமென்றால் 113. மூன்றில் இரண்டு வேண்டுமென்றால் 150. அதற்கு மேல் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டுமென்றால் 150+. காசு செலவாகும் வாக்குறுதி என்றால், எந்த எண்ணோடும் "கா" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

1 என்று எழுதிய வரிகள்தான் வேட்பாளரின் மனதைக் காட்டும், ஏனென்றால் அங்கே சாக்குச் சொல்ல இடமில்லை. பொதுமன்னிப்பு, ஆளுநர் நியமனம் எல்லாம் இந்த வகை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமானது. அதை நீக்குவதாக எல்லா மேடையிலும் சொல்வார்கள். நீக்கச் சட்டமூலம் வேண்டும், ஆகவே 113. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் ஒருவரை மூன்று மூன்று மாதமாகத் தடுத்துவைக்கும் உத்தரவில் ஒப்பமிடுபவர் பாதுகாப்பு அமைச்சர், அதாவது ஜனாதிபதி. 2022 திருத்தத்துக்குப் பின் அதன் உச்ச காலம் 12 மாதம். சட்டம் நீங்கும் வரை அந்த உத்தரவுகளில் ஒப்பமிடமாட்டேன் என்று சொல்ல எந்தப் பெரும்பான்மையும் தேவையில்லை. விஞ்ஞாபனத்தில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கையொப்ப அதிகாரத்துக்கும் கடிவாளம் உண்டு. முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்கு 2021இல் வழங்கப்பட்ட பொதுமன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. 2018 நவம்பரில் மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்ததும் அடுத்த மாதமே செல்லாது என்றானது.

113 வகைக்கு மாகாண சபைத் தேர்தலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 13ஆவது திருத்தத்தின் கீழ் வந்த சபைகளுக்கு, 2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்த தேர்தலுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. காரணம் 2017 சட்டத்திருத்தம். தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த புதிய கலப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறைக்கும் போகமுடியாமல், புதிய முறைக்கும் போகமுடியாமல் எல்லாம் நின்றுபோனது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு சின்னத் திருத்தம், அதுவும் சாதாரண பெரும்பான்மையில் போதும். எனவே "ஒரு வருடத்துக்குள் நடத்துவோம்" என்பவரிடம் கேட்கவேண்டியது எந்த முறையில் என்பதைத்தான். "புதிய எல்லை நிர்ணயத்துக்குப் பிறகு" என்று பதில் வந்தால் ஒரு வருடத்தை மறந்துவிடுங்கள்.

150 வரும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த எண் கிடைக்காமல் போவதைவிட, கிடைத்தபின் என்ன செய்தார்கள் என்பதே இந்த நாட்டின் அனுபவம். 2010 பொதுத் தேர்தலில் ஆளும் கூட்டணிக்குக் கிடைத்தது 144 ஆசனம். கட்சி தாவியவர்களையும் சேர்த்து 161 வாக்கில் 18ஆவது திருத்தம் நிறைவேறி, இரண்டு தவணை என்ற வரம்பு காணாமல்போனது. 2015இல் 19ஆவது அதை மீட்டது. 2020இல் 20ஆவது, 156 வாக்கோடு அதிகாரத்தை மறுபடி ஒருவர் கையில் குவித்தது. 2022இல் 21ஆவது ஓரளவு திருப்பியது. இது நமக்கு மட்டும் உள்ள வியாதியல்ல: ஹங்கேரியில் 2010இல் மூன்றில் இரண்டு பெற்ற கட்சி, அடுத்த ஆண்டே தன் வாக்குகளால் புதிய அரசியலமைப்பையே எழுதிக்கொண்டது. "பாராளுமன்றத்தில் எங்களுக்கு மூன்றில் இரண்டு தாருங்கள்" என்று கேட்பவரின் விஞ்ஞாபனத்தில், அதை வைத்து எந்த உறுப்புரையை மாற்றப்போகிறார் என்று எழுதியிருக்கவேண்டும்.

நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒழிப்பு 150+ வகை. 1994இலிருந்து கேட்டுச் சலித்த வாக்குறுதி. 2015இல் 19ஆவது திருத்த வரைவைப் பார்த்த உயர் நீதிமன்றம், ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பிரதமருக்கு மாற்றும் சில பிரிவுகளுக்குச் சர்வஜன வாக்கெடுப்பு வேண்டுமென்றது. ஆகவே எந்த ஆண்டில் வாக்கெடுப்பு என்ற திகதி இல்லாத வாக்குறுதிக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

இனி "கா". கணக்கு எளிது: ஆட்களின் தொகை, மாதத் தொகை, பன்னிரண்டு. சுமார் 13 இலட்சம் அரச ஊழியருக்கு மாதம் 10,000 ரூபா கூட்டினால் வருடத்துக்கு 156 பில்லியன் ரூபா. 30 டிரில்லியன் அளவிலான பொருளாதாரத்தில் அது அரை வீதம். கேட்கச் சின்னதுதான். ஆனால் 2024இன் அரச நிதி முகாமைத்துவச் சட்டப்படி, வட்டி நீங்கலான செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் 2025இலிருந்து உற்பத்தியின் 2.3 வீத முதன்மை மிகையை, அதாவது வட்டி நீங்கலான செலவைவிட அவ்வளவு கூடிய வருமானத்தை, எதிர்பார்த்தது. 2023இன் மத்திய வங்கிச் சட்டம் அரசுக்காகக் காசு அச்சிடுவதை அடைத்துவிட்டது. 2028இலிருந்து மறுசீரமைத்த வெளிநாட்டுக் கடனின் முதலும் கட்டவேண்டும். அந்த அரை வீதத்துக்கு எதை வெட்டுவார் அல்லது எந்த வரியைக் கூட்டுவார் என்று சொல்லவேண்டியது வேட்பாளர்தான்.

வரிக் குறைப்பு வாக்குறுதியை இன்னும் கடுமையாகப் பாருங்கள். 2019 டிசம்பரில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 ஆனது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியும் போனது. வருமானம் சரிந்து, நாட்டின் கடன் தரப்படுத்தல் இறங்கி, வெளிச்சந்தையில் கடன் கிடைக்காமல்போய், 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தோம். கொரோனாவும் உரத் தடையும் சேர்ந்து தள்ளின என்பது உண்மை. 2024இல் அதே வரி 18 வீதம்.

அவசரகால அதிகாரம் பற்றி விஞ்ஞாபனத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இங்கே ஜனாதிபதி பிரகடனம் செய்தால், 14 நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அது காலாவதி. தென் கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு ஜனாதிபதி யூன் இராணுவச் சட்டம் அறிவித்தபோது, சில மணி நேரத்தில் 190 உறுப்பினர்கள், சிலர் மதில் ஏறியும், சபைக்குள் புகுந்து ஒருவர்கூட எதிர்க்காமல் அதைத் தள்ளினார்கள். நமது எம்.பி.க்கள் அப்படி மதில் ஏறுவார்களா என்பது வேறு கதை.

தேர்தலுக்குப் பின்னும் வேலை இருக்கிறது. சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரும், பிறகு சபையில் வைக்கப்படும். எதிர்க்க விரும்பும் எந்தப் பிரஜையும் உடனடியாக உயர் நீதிமன்றம் போகவேண்டும்; நாள்கள் சொற்பம். சபாநாயகர் சான்றுப்படுத்திய பிறகு, சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று எந்த நீதிமன்றத்திலும் வாதிட முடியாது. பலர் சட்டமான பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக வாக்குச்சீட்டு. 2024இல் யாருக்கும் 50 வீதம் தாண்டவில்லை. முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பை (2, 3 என்று இட்டதை) எண்ணினார்கள். அப்படிப்பட்ட சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். முதல் இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்த விருப்புகள் 2,73,131 மட்டுமே. மிச்சம் எல்லாம் முடிவைத் தொடாமல் ஒதுங்கின. உங்களுக்குப் பிடித்தவர் வெல்லமாட்டார் என்று தெரிந்தாலும் அவருக்கே 1 போடுங்கள். வெல்லக்கூடிய இருவரில் பரவாயில்லை என்பவருக்கு 2 அல்லது 3 போடுங்கள். புள்ளடியையும் எண்களையும் ஒரே சீட்டில் கலக்காதீர்கள். 1 இல்லாமல் 2 மட்டும் போட்ட சீட்டு நிராகரிக்கப்படும்.