வேலூர் வெயிலில் ஹாலி ரீட்டெய்னர்: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

கம்பி கழற்றிய அன்று பல் வரிசை கச்சிதமாகத்தான் இருக்கும். அப்படியே விட்டால் திரும்பிப் போகப் பார்க்கும். வேருக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள நார்கள் புதிய இடத்துக்குப் பழக 3, 4 மாதம் ஆகும். ஈறிலுள்ள மீள்தன்மை நார்களுக்கு ஒரு வருடம்கூடப் போதாமல் போகலாம். அதுவரை பல்லைப் பிடித்து வைக்கத்தான் ரீட்டெய்னர். சார்லஸ் ஹாலி என்ற அமெரிக்க மருத்துவர் சுமார் நூறு வருடத்துக்கு முன் வடிவமைத்ததைத்தான் இன்றும் ஆற்காட்டிலும் காட்பாடியிலும் செய்துகொண்டிருக்கிறோம்.

பி.டி.எஸ். படிப்பவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், லேபில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்காக மேல்தாடை ரீட்டெய்னரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். டப்பாக்களில் அச்சிட்டிருக்கும் நேரங்கள் பெரும்பாலும் 23 டிகிரியை ஒட்டிய அறைக்கானவை. நம் ஊரில் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40ஐத் தாண்டும். ஏசி இல்லாத அறையில் அந்த நேரத்தை நம்பி வேலை செய்தால் பொருள் உங்களை முந்திக்கொள்ளும்.

அளவு எடுப்பது

பல்லில் பிராக்கெட் ஒட்டிய பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு, அன்றைக்கே அளவு எடுங்கள். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டால், வாரக் கடைசியில் ரீட்டெய்னர் உட்காராது.

அளவு எடுக்கும் பவுடரான அல்ஜினேட்டைக் கலக்க மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் வேண்டாம். மதியம் குழாயைத் திறந்தால் வருவது கிட்டத்தட்ட வெந்நீர். கலவையை ட்ரேயில் ஏற்றுவதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிடும். போர் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தாலும் இறுகும் நேரம் மாறும். கேன் தண்ணீரை மண்பானையில் ஊற்றி வைத்துப் பயன்படுத்துவது என் பழக்கம். நம் ஊர் வறண்ட வெயிலுக்குப் பானை நன்றாகவே குளிரும். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, 21 முதல் 23 டிகிரிக்குள் வரும்படி ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் கிண்ணத்தையும் அதே தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். அல்ஜினேட் டப்பாவை ஜன்னலோரம் வைக்காதீர்கள். பவுடரே சூடாக இருந்தால் தண்ணீரைக் குளிர வைத்துப் பயனில்லை.

ஒரு நிமிடத்துக்குள் வழவழவென்று கலக்கிவிட வேண்டும். ட்ரேயின் பின்பக்கத்தை முதலில் அழுத்தி, பிறகு முன்பக்கத்தை ஏற்றினால் அதிகப்படியானது தொண்டைப் பக்கம் போகாமல் முன்னால் வழியும். பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் குனியச் சொல்லுங்கள். “கண்ணு, மூக்காலயே மூச்சு விடு, கால் கட்டைவிரல ஆட்டிக்கினே இரு” என்றால் பாதிப் பேருக்குக் குமட்டல் அடங்கிவிடும். இறுகியதும் மெதுவாக ஆட்டி ஆட்டி எடுக்காமல் ஒரே இழுப்பில் எடுங்கள்.

எச்சிலைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, அது சொல்லும் நேரம் மூடி வைத்து, மறுபடி கழுவி உடனே ஸ்டோன் (பல் மாடல் வார்க்கும் ஜிப்சக் கலவை) ஊற்றிவிடுங்கள். அல்ஜினேட் காற்றில் கிடந்தால் தண்ணீரை இழந்து சுருங்கும். மின்விசிறிக்கு அடியில் இன்னும் சீக்கிரம். ஊற்ற முடியாமல் சில நிமிடம் தாமதமானால் ஈரத் துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வையுங்கள். தண்ணீரில் மூழ்கவிட்டால் ஊறி உப்பிவிடும், அதுவும் ஆகாது. மஞ்சள் ஸ்டோன் 100 கிராமுக்குத் தண்ணீர் 30 மி.லி. ஒரு மணி நேரம் கழித்துப் பிரியுங்கள்.

ஆடம்ஸ் கிளாஸ்ப்

கடைவாய்ப் பல்லைக் கவ்விப் பிடிக்கும் கம்பிக் கொக்கி இது. ரீட்டெய்னர் வாயில் நிற்பதும் விழுவதும் இந்தக் கிளாஸ்பைப் பொறுத்தது. அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

தேவை: 0.7 மி.மீ. ஹார்டு ஸ்டீல் கம்பி சுமார் 10 செ.மீ., யுனிவர்சல் பிளையர், கம்பி கட்டர், பென்சில். மாடலில் முதல் கடைவாய்ப் பல்லைக் கன்னத்துப் பக்கமிருந்து பாருங்கள். ஈறை ஒட்டி, பல்லின் முன் மூலையிலும் பின் மூலையிலும் உள்வாங்கிய இடம் ஒன்று இருக்கும். கிளாஸ்பின் இரண்டு அம்பு முனைகளும் போய்ப் பிடிக்க வேண்டியது அந்த இரண்டு மூலைகளைத்தான். பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பல் முழுசாக முளைக்காமல் இருந்தால் அந்த மூலைகளில் ஸ்டோனைக் கொஞ்சமே கொஞ்சம் சுரண்டிக்கொள்ளலாம்.

இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள அகலத்தைக் கம்பியின் நடுவில் அடையாளமிடுங்கள். அதுதான் பிரிட்ஜ். ஒரு குறியில் பிளையரால் பிடித்து, கட்டைவிரலால் கம்பியைத் தள்ளி 90 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக மடக்குங்கள். பிளையர் பிடிப்பதற்கு மட்டும், மடக்குவது விரல். அடுத்த குறியிலும் அதே பக்கம் மடக்கினால் இரண்டு கால்கள் கிடைக்கும். ஒவ்வொரு காலையும் பிளையரின் நுனியைச் சுற்றி வெளிப்பக்கமாகத் திருப்பி மடித்தால் அம்பு முனை உருவாகும். முனைகளை மாடலில் வைத்துப் பாருங்கள்: இரண்டும் ஒரே சமயத்தில் மூலைகளைத் தொட வேண்டும், பக்கத்துப் பல்லைத் தொடவே கூடாது. தொட்டால் அந்தப் பல்லை நகர்த்திவிடும்.

அடுத்து, இரண்டு முனைகளையும் பல்லை நோக்கி 45 டிகிரி சாய்க்க வேண்டும். சாய்த்தபின் பிரிட்ஜ் பல்லிலிருந்து ஏறக்குறைய 2 மி.மீ. தள்ளி, பல்லின் நடு உயரத்தில் நிற்கும். அது பல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தால் முனைகள் பிடிக்காது. பிள்ளை விரலால் கழற்றவும் பிடி இருக்காது.

மீதிக் கால்களை இரண்டு பற்கள் சேரும் இடத்தின் மேல் இறுக்கமாகப் படியவிட்டு, அண்ணப் பக்கம் இறக்கி, நுனியில் சின்னக் கொக்கி வையுங்கள். அண்ணத்தில் படாமல் அரை மி.மீ.க்குக் குறையாத இடைவெளி விட்டால்தான் அக்ரிலிக் (அண்ணத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு) அடியிலும் புகுந்து பிடிக்கும். கீழ்த்தாடை மாடலைச் சேர்த்துக் கடிக்க வைத்துப் பாருங்கள். கம்பி கடிபட்டால் அன்றிரவே வலிக்குது என்று போன் வரும்.

ஒரு மடிப்பு தப்பினால் அதே இடத்தை நீட்டி மறுபடி மடிக்காதீர்கள். ஸ்டீல் இறுகி, சில வாரத்தில் அங்கேயே ஒடியும். புதுக் கம்பி வெட்டுங்கள். கம்பி விலை குறைவு.

லேபியல் போ

முன்பற்களின் வெளிப்பக்கத்தை ஒட்டி வளைந்து செல்லும் கம்பி இது. இதற்கும் அதே 0.7 மி.மீ. கம்பிதான். முன்பற்களின் நடுப் பகுதியில் படும்படி கம்பியைப் பிளையர் இல்லாமல் விரல்களாலேயே வளையுங்கள். கோரைப்பல்லில் மேல்நோக்கித் திருப்பி யு வளையம் வைத்து, கோரைப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே அண்ணப் பக்கம் கடத்துங்கள். வளையம் ஈறின் விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. போகலாம், ஈறைக் குத்தக் கூடாது.

முன்கடைவாய்ப் பல் பிடுங்கி இடம் மூடிய கேஸாக இருந்தால் மட்டும் நில்லுங்கள். நம்மிடம் வருவதில் இப்படிப்பட்டவை நிறைய. மூடிய அதே இடத்தின் வழியாகக் கம்பி கடந்தால் ஆப்பு வைத்த மாதிரி இடைவெளி மறுபடி திறக்கும். அங்கே போவைக் கிளாஸ்பின் பிரிட்ஜோடு சால்டர் செய்யலாம், அல்லது கடைசிப் பல்லைச் சுற்றிவரும் பெக் ரீட்டெய்னருக்கு மாறலாம். என் ஓட்டு பெக்குக்கு.

அக்ரிலிக்

மாடலைப் பானைத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, மேலீரம் போனதும், அக்ரிலிக் மாடலில் ஒட்டாமலிருக்கப் பூசும் கோல்டு மோல்டு சீல் இரண்டு கோட் அடியுங்கள். கம்பிகளை வெளிப்பக்கம் ஸ்டிக்கி வாக்ஸால் ஒட்டுங்கள். வாக்ஸ் வேலை முடிந்ததும் ஸ்பிரிட் விளக்கை அணைத்து, அறையை விட்டே அப்புறப்படுத்துங்கள். அக்ரிலிக் பவுடரை நனைக்கும் திரவமான மோனோமரின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பவுடரைத் தூவி, மோனோமரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்து, பகுதி பகுதியாக அண்ணம் முழுக்க 2 மி.மீ. கனத்துக்கு ஏற்றுங்கள். வெயில் நாளில் மோனோமர் சட்டென்று ஆவியாகிப் பரப்பு வெளுத்து, துளைத்துளையாகிவிடும். காலை 8 மணிக்குள் இந்த வேலையை முடித்துவிடுவது உத்தமம். ஏற்றி முடித்ததும் பிரஷர் பாட் என்ற அழுத்தப் பாத்திரத்துக்குள் வையுங்கள். அது இல்லையென்றால், பளபளப்பு மங்கியபின் மாடலைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அமுக்கி மூடிவிடுங்கள்.

அக்ரிலிக் பர், உப்புத்தாள், பியூமிஸ் என்ற வரிசையில் தேய்த்து மெருகேற்றுங்கள். அண்ணத்தில் படும் பக்கத்தைத் தொடாதீர்கள். அந்தப் பதிவுதான் பொருத்தம். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் மிச்ச மோனோமர் வெளியேறி, நாக்கு எரிச்சல் குறையும்.

மாட்டிவிடும் நாள்

போ முன்பற்களைத் தொட்டபடி இருக்க வேண்டும், தள்ளக் கூடாது. அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தினி நாளைக்கிம்மா இத்த மாட்டணும்?” முதல் 6 மாதம் சாப்பாடு, பல் துலக்கும் நேரம் தவிர எப்போதும், பிறகு இரவில் மட்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கழுவப் பச்சைத் தண்ணீர், மென்மையான பிரஷ். வெந்நீர் பட்டால் கோணும், வண்டி சீட்டுக்கு அடியில் வெயிலில் வைத்தாலும் அப்படித்தான். காணாமல் போவது அதிகமும் ஓட்டலில். ஆம்பூரில் பிரியாணி சாப்பிடக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தால், அது எச்சில் இலையோடு குப்பைக்குப் போய்விடும். டப்பா இல்லாமல் ரீட்டெய்னரைக் கையில் கொடுக்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்து வரும்போது தொளதொளவென்று இருந்தால் அம்பு முனையைப் பிளையரால் பிடித்துப் பல் பக்கம் லேசாக உள்ளே சாய்த்தால் போதும். கால் அக்ரிலிக்கை விட்டு வெளிவரும் இடத்தில் மடக்கினால் கிளாஸ்ப் முழுவதும் ஈறை நோக்கி இறங்கும். இரண்டில் எது தேவை என்று வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிளையரை எடுங்கள்.