பெங்களூரில் ஓட்டுப் போட வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கர்நாடகத்தில் அடுத்த சட்டமன்றத் தேர்தல் இயல்பாக 2028 மே மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். அதற்குள் என்ன அவசரம் என்று தோன்றும். ஆனால் வாக்குச்சாவடி வரை வந்து ஓட்டுப் போடாமல் திரும்புகிறவர்களில் பலர் அன்றைக்குத் தவறு செய்தவர்கள் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பல மாதங்களுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டியவர்கள். 2023 மே 10 அன்று மாநிலம் முழுக்க 73 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் பதிவானது. பெங்களூர் நகரத்திலோ பாதியைக் கொஞ்சம்தான் தாண்டியது. இதற்கு நகரத்து ஜனங்களின் சோம்பல்தான் காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அல்சூரில் சில வருடம், ராமமூர்த்தி நகரில் சில வருடம், பிறகு பொம்மனஹள்ளி என்று வாடகை ஏற ஏற வீடு மாறுகிற ஊர் இது. சாமான்களெல்லாம் புது வீட்டுக்கு வந்துவிடும், பெயர் மட்டும் பழைய தெருவிலேயே நின்றுவிடும்.

வாக்காளர் அட்டை கையில் இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நம்புவதுதான் எல்லாத் தவறுக்கும் மூலம். அட்டை நீங்கள் யார் என்பதைத்தான் சொல்லும். ஓட்டு உரிமை பட்டியலில் இருக்கும் பெயரோடு சேர்ந்தது. பெயர் இல்லையென்றால், லேமினேட் செய்து பத்திரமாக வைத்த அட்டையைக் காட்டியும் பயனில்லை. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக் இவற்றில் ஒன்றைக் காட்டி ஓட்டுப் போடலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பெயரை வைத்துத் தேடினால் எழுத்துக் கோளாறில் அகப்படாமல் போகலாம். பெயர் வந்தால் பட்டியலின் பாகம் எண்ணையும் அதில் உங்கள் வரிசை எண்ணையும் குறித்து வையுங்கள்.

அடுத்தது, பெங்களூரில் வாழும் தமிழர்களான நம்மவர்களிடம் மிக அதிகமாகக் காண்பது: பிழைப்பு பெங்களூரில், பெயர் தமிழ்நாட்டில் சொந்த ஊரில். தர்மபுரிப் பக்கமோ வேலூர்ப் பக்கமோ பெயரை விட்டுவைத்தால்தான் ஊரில் உரிமை இருக்கும், எடுத்துவிட்டால் ரேஷன் கார்டு போய்விடும், நிலத்தில் பங்கு கேட்க முடியாது என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். நிலத்தின் உரிமை பத்திரத்திலும் பட்டாவிலும் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் இல்லை. ரேஷன் கார்டும் தனி விவகாரம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950 இதில் தெளிவாக இருக்கிறது. நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும், ஒரு ஊரில் வீடு சொந்தமாக இருப்பது மட்டும் அதற்குப் போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பெயர் வைத்திருக்கவும் கூடாது. இதை மறைத்துப் பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

ஓசூரில் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினம் வேலைக்கு வருகிறவருக்கு ஓட்டு ஓசூரில்தான். அத்திப்பள்ளியில் குடியிருந்தால் ஆனேக்கல் தொகுதியில். வேலை எங்கே என்பது கணக்கே இல்லை.

இங்கே ஒரு புதுச் சிக்கலும் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலுக்கு நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் (எஸ்.ஐ.ஆர்.) வரைவுப் பட்டியல் 2025 டிசம்பர் 19 அன்று வெளியானபோது ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. அவற்றில் பெரும்பகுதி குடிமாறிப் போனவர்கள் என்று காட்டப்பட்டவை. பெங்களூரில் இருக்கும் பலருக்கு ஊரில் பெயர் போனதே தெரியாமல் இருக்கலாம். எந்தப் படிவம் போடுவது என்பது இதைப் பொறுத்துத்தான் மாறும். ஊரில் பெயர் இன்னும் இருந்தால் படிவம் 8. அதிலேயே வேறு தொகுதிக்கு, வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அட்டை எண்ணும் பழையதே தொடரும். பெயர் நீக்கப்பட்டிருந்தால் படிவம் 6, அதாவது புதிதாகச் சேர்ப்பது. முன்பெல்லாம் தொகுதி மாறினாலும் படிவம் 6 தான் என்று இருந்தது. 2022 ஆகஸ்டில் மாற்றிவிட்டார்கள். பழைய நினைப்பில் இன்றும் படிவம் 6 போடுகிறவர்கள், வேறெங்கும் பெயர் இல்லை என்று தங்களை அறியாமலே பொய் உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார்கள். எதற்கும் முதலில் ஊர்ப் பெயரின் நிலையைப் பார்த்துவிடுங்கள்.

சரி, படிவம் தெரிந்துவிட்டது. இனி முகவரிச் சான்று. பெங்களூரில் வாடகை ஒப்பந்தம் என்றால் பதினொரு மாதத்துக்கு இ-ஸ்டாம்ப் தாளில் எழுதி, இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரை குத்தியது. தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் இருப்பதோ பதிவு செய்யப்பட்ட குத்தகை ஒப்பந்தம், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனது. அந்த நோட்டரித் தாளை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, ஏன் நிராகரித்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பெஸ்காம் மின்சார பில்லோ வீட்டு உரிமையாளர் பெயரில் வரும், உங்களுக்கு உதவாது. வாடகைக்காரருக்கு நல்ல வழி, ஆதார் முகவரியை முதலில் பெங்களூருக்கு மாற்றுவது. அல்லது இந்த முகவரி போட்ட வங்கிப் பாஸ்புக். இப்படி ஒன்றுமே இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம், அப்போது அலுவலர் நேரில் வந்து விசாரிப்பது கட்டாயம். பிஜியில், ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

விசாரிக்க வருகிற பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடி ஊழியராகவோ இருப்பார். வேறு வேலைக்கு நடுவே இதையும் பார்க்கிறவர். 'ஸ்ரீராமபுரம், பெங்களூர்' என்று மட்டும் எழுதினால் அவர் எங்கே தேடுவார்? கதவு எண், எந்த கிராஸ் தெரு, எந்த மெயின் ரோடு, எத்தனையாவது மாடி, எடுக்கிற போன் எண் எல்லாம் கொடுங்கள். கீழ் வீட்டு அக்காவிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பி.எல்.ஓ. வந்து கேட்க, அப்படி யாரும் இல்லை என்று பதில் போனால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது.

இனிஷியல் உள்ளவர்கள் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரை எழுதுவது நல்லது. படிவத்தில் கன்னடத்தில் தானாக நிரம்பும் பெயரை, கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். தமிழ்ச்செல்வி போன்ற பெயர்கள் அதில் படாத பாடு படும்.

தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குச் சுமார் பத்து நாள் முன்னதாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2023-இல் அறிவிப்பு வந்தது மார்ச் 29, மனுத்தாக்கலின் கடைசி நாள் ஏப்ரல் 20. நடுவே விண்ணப்பிக்க இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை. பதினேழு முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில் எதில் 18 நிறைகிறதோ அதை வைத்துச் சேர்ப்பார்கள்.

ஓட்டு நாளன்று கட்சிக்காரர் தரும் சீட்டோ ஆணையத்தின் பூத் சிலிப்போ அடையாளச் சான்று ஆகாது. ரேஷன் கார்டும் ஆகாது. சாவடிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். சம்பளத்தோடு விடுமுறை தருவது முதலாளியின் சட்டக் கடமை. தினக்கூலிக்கும் அது உண்டு, கட்டட வேலையில் இருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள். நேரம் முடியும்போது வரிசையில் நின்றால் உங்களையும் அனுமதித்தே ஆக வேண்டும்.

உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டார் என்று சொன்னால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். சாவடியின் தலைமை அலுவலரிடம் உங்கள் அடையாளத்தை நிரூபித்து, 'டெண்டர்டு ஓட்டு' வேண்டும் என்று கேளுங்கள். இயந்திரத்தில் இல்லை, காகித வாக்குச்சீட்டில் போடச் சொல்வார்கள். அதை அந்த அலுவலர் தனி உறையில் வைத்து, உங்கள் பெயரைத் தனிப் படிவத்தில் எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மறுத்தால் சாவடியை விட்டு வெளியே வந்ததும் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள்.