இகுவானாவை ஏற்கும் முன்

கீழக்கரையிலோ மண்டபத்திலோ ஊர் மாறிப் போகும் ஒருவர் தம் பச்சை இகுவானாவை (இலை தின்னும் பெரிய பல்லியினம்) உங்களிடம் ஒப்படைக்க முன்வந்தால், முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். இது, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு இருக்க வேண்டும். கை மாறுவதையும் அதில் தெரிவிக்க வேண்டும். உடும்பு என்றால் பேச்சே வேண்டாம், வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

அடுத்து உடம்பைப் பாருங்கள். கீழ்த்தாடை ரப்பர் போல நெகிழ்ந்தாலோ, நடக்கும்போது கால்கள் நடுங்கினாலோ சுண்ணாம்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதற்காக அந்தப் பிராணியைத் தட்டிக்கழித்துவிடாதீர்கள். ஆரம்பத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் தேற வாய்ப்பு உண்டு. நம் கரையோர வெயில் இதற்கு ஒரு வரம். ஆனால் கண்ணாடிச் சன்னல் வழியே விழும் வெயில் உதவாது. எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கம்பிவலைக் கூண்டில் காலை வெயில் காட்டுங்கள், பாதிக் கூண்டுக்குப் பனையோலை நிழல் கட்டாயம். முருங்கைக்கீரையை மற்ற இலைகளோடு பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். இறைச்சி கூடாது. சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வாலோடு சேர்த்து ஐந்தாறு அடி வரை வளரும், 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதற்கு இடமில்லாதவர்கள் தொடக்கத்திலேயே மறுத்துவிடுங்கள். பிறகு கண்மாய்க் கரையில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடவே கூடாது.