ஒரே சொல்லைத் தேடி நூலகத்துக்கு: இறையியல் ஆய்வில் முதல் நாள்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் கடந்து நூலகத்துக்குப் போய், எந்த அலமாரி முன் நிற்பது என்று தெரியாமல் திரும்பி வந்த நாட்கள் எனக்கு உண்டு. அஞ்சல் வழியில் இறையியல் படிப்பவர்களும் சபையில் வேதபாடம் எடுப்பவர்களும் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். அதனால் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதை எப்படித் தேடுவது என்று கடைசி வரை செய்து பார்க்கலாம்.

1. கேள்வியை வீட்டிலேயே எழுதுங்கள்

"பரிசுத்த ஆவியானவர்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் நாள் முழுக்க அலைவீர்கள். அதைச் சுருக்குங்கள். பரிசுத்த ஆவியைப் பிதா தருவார் என்று இயேசு சொல்லும் யோவான் 14:16-ஐ எடுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'தேற்றரவாளன்' என்று இருக்கிறது. 1995-இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'துணையாளர்'. தேற்றரவு என்றால் ஆறுதல். துணை என்பது வேறு. ஒரே வசனத்துக்கு ஏன் இரண்டு சொல்? இது ஒரு நாளில் தேடக்கூடிய கேள்வி. இரண்டு வேதாகமமும் உங்களிடம் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், தருவார்கள்.

2. எண்ணைப் பிடியுங்கள்

பல நூலகங்கள், பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டியூயி தசம வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன. அதில் 200 சமயம், 220 வேதாகமம், 225 புதிய ஏற்பாடு, 226.5 யோவான் நற்செய்தி. அதோடு நின்றுவிடாதீர்கள். பரிசுத்த ஆவியைப் பற்றிய கோட்பாட்டு நூல்கள் 231.3-இல் இருக்கும். நம் கேள்வி ஒன்றுதான், ஆனால் அதற்கான புத்தகங்கள் இரண்டு அலமாரிகளில் பிரிந்து கிடக்கின்றன. சைவ சித்தாந்தம் படிக்கிறவர்கள் 294.5-இலிருந்து தொடங்கலாம்.

சில நூலகங்களில் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் உருவாக்கிய கோலன் வகைப்பாட்டு முறை இருக்கும். அங்கே சமயத்துக்கு 'கியூ' என்ற எழுத்து. உங்கள் நூலகத்தில் எந்த முறை என்று நூலகரிடம் கேட்டுவிடுங்கள். கேள்வி எழுதிய தாளையே காட்டினால் இன்னும் நல்லது.

3. விளக்கவுரைக்கு முன் ஒத்தவாக்கிய அகராதி

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஒரு சொல் வேதாகமத்தில் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று பட்டியலிடும் நூல்தான் ஒத்தவாக்கிய அகராதி. இது குறிப்புதவிப் பிரிவில் இருக்கும், வீட்டுக்குத் தரமாட்டார்கள். தமிழ் அகராதியில் 'தேற்றரவாளன்' என்று தேடினால் யோவான் 14:16, 14:26, 15:26, 16:7 ஆகிய நான்கு இடங்களுக்குப் போவீர்கள். அப்படியே எழுதி முடித்துவிட்டால் ஐந்தாவது இடம் தப்பிவிடும்.

அதைக் காட்டுவது, ஒவ்வொரு கிரேக்க மூலச்சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கும் ஒத்தவாக்கிய அகராதிதான். 1890-இல் வெளிவந்த ஸ்ட்ராங் அகராதியில் இந்தச் சொல்லுக்கு 3875 என்ற எண். மூலச்சொல் 'பாராக்ளேட்டோஸ்': பக்கத்தில் நிற்க அழைக்கப்பட்டவர் என்று பொருள், வழக்கில் ஒருவருக்காகப் பேசுகிறவரையும் அப்படிச் சொல்வார்கள். அந்த எண்ணைப் பிடித்துப் போனால் 1 யோவான் 2:1 கிடைக்கும். அங்கே அது ஆவியானவரைக் குறிக்கவில்லை, இயேசுவைக் குறிக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதே சொல்லை அங்கே 'பரிந்து பேசுகிறவர்' என்று ஆக்கியிருக்கிறது. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் வருவது இந்த ஐந்து இடங்களில் மட்டுமே. முதன்முதலாக இதைக் கண்டபோது, யோவான் 14:16-இல் "வேறொரு" தேற்றரவாளன் என்று ஏன் வருகிறது என்று எனக்குப் புரிந்தது: இயேசுவும் ஒரு பாராக்ளேட்டோஸ்தான். அன்று வெகுநேரம் பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

4. இப்போது விளக்கவுரைகள்

குறைந்தது மூன்று எடுங்கள். மூன்றும் ஒரே சபை மரபிலிருந்து வேண்டாம். முழுதாகப் படிக்கத் தேவையில்லை, 14:16-க்கான பக்கங்கள் போதும். அப்புறம் புத்தகத்தின் பின்பக்கம் போய் நூற்பட்டியலைப் பாருங்கள். மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் நூல்தான் நீங்கள் அடுத்துத் தேட வேண்டியது.

5. சீட்டு எழுதுவது

ஒரு குறிப்புக்கு ஒரு சீட்டு. ஆசிரியர், நூல், ஊர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், வகை எண். பக்க எண்ணை விட்டுவிட்டு ஒரே ஒரு வரிக்காக மறுபடி மலையிறங்கியிருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஆசிரியர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். உங்கள் எண்ணத்தை வேறு மையில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று குழம்பாது.

6. சேலத்தில் கிடைக்காவிட்டால்

பொது நூலகத்தில் இறையியல் நூல்கள் குறைவாக இருக்கலாம். ஸ்ட்ராங் போன்ற பழைய நூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பெரிய இறையியல் நூலகம் வேண்டுமென்றால் ஒருபக்கம் பெங்களூரின் யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ், மறுபக்கம் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி. வெளியாட்களுக்கு அனுமதி உண்டா, என்ன கடிதம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சேலத்தில் பணியாற்றிய லண்டன் மிஷனரி சங்கத்தாரைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு மூல ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன.

கிளம்பும்போது எடுத்த புத்தகங்களை நீங்களே அலமாரியில் செருகாதீர்கள், மேசையிலேயே விட்டுவிடுங்கள். 226.5-க்குரிய புத்தகம் 262-இல் போய் உட்கார்ந்தால், அடுத்து வருகிறவருக்கு அது இல்லாத புத்தகம்தான்.