ஃபார்ம் 16-ம் 26ஏஎஸ்-ம் ஒத்துப்போகலயா? வருஷத்த ஒருவாட்டி பாருங்க

மூணு நாளா மண்டைய உடைச்சுட்டு இருந்தேன். 2023-24 ஃபோல்டர்ல இருக்குற ஃபார்ம் 16-ல (ஆபீஸ் தர்ற வரிச் சான்றிதழ்) டிடிஎஸ், அதாவது சம்பளத்துல பிடிச்ச வரி, 48,200 ரூபா, அதே ஃபோல்டர்ல இருக்குற 26ஏஎஸ்-ல (நம்ம பேர்ல கட்டின வரிக்கு வருமான வரித் துறை காட்டுற கணக்கு) 31,650. ஆபீஸ்ல கட்டாம விட்டுட்டாங்களோன்னு அக்கவுண்ட்ஸ்க்கு மெயில் போட்டேன், "எல்லாம் கட்டியாச்சு சார்"னு சலான் விவரத்தோட பதில் வந்துச்சு. அப்புறம் எஃப்டி வட்டி மேல சந்தேகம், பாஸ்புக்க எடுத்து வரி வரியா டிக் அடிச்சேன், ஒண்ணும் சிக்கல.

கடைசில ஏஐஎஸ், அதாவது நம்ம வருமானம், வரி எல்லாத்தையும் வரித் துறை தொகுத்து வச்சிருக்குற அறிக்கைய, டவுன்லோட் பண்ணி (பாஸ்வேர்டு பான் நம்பர் சின்ன எழுத்துல, ஒட்டியே பிறந்த தேதி எட்டு இலக்கம், இதுக்கே அரை மணி நேரம் போச்சு) பாத்தா அதுல 48,200 அப்படியே இருக்கு. அப்பதான் கண்ணுல பட்டுச்சு, ஏஐஎஸ்-ல செலக்ட் பண்றது ஃபைனான்சியல் இயர் (சம்பாதிச்ச வருஷம்), 26ஏஎஸ்-ல கேக்குறது அசெஸ்மென்ட் இயர் (அதுக்கு அடுத்த, கணக்கு தாக்கல் பண்ற வருஷம்), நான் ரெண்டுலயும் 2023-24னே போட்டு எடுத்திருக்கேன், அதாவது கைல இருந்த 26ஏஎஸ் முந்தின வருஷத்துது. 2024-25 போட்டு எடுத்தேன், பைசா சுத்தமா ஒத்துப்போச்சு.

இப்ப ஃபோல்டர் பேரே "சம்பளம் 2023-24, தாக்கல் 2024-25". வாடகை ரசீது, பிரீமியம் ரசீது எல்லாம் அதுக்குள்ளயே. அக்கவுண்ட்ஸ் தம்பிகிட்ட ஒரு சாரி பாக்கி.