கான்ஃபரன்ஸ் ப்ரபோசல் எழுதுவது எப்படி: அவுட்லைனிலிருந்து தொடங்குங்கள்

பேச விஷயம் இருக்கிறது, சி.எஃப்.பி-யும் (உரைகள் கேட்டு வரும் அழைப்பு) திறந்திருக்கிறது, ஆனால் படிவத்தைத் திறந்ததும் கை ஓட மாட்டேன் என்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கான்ஃபரன்ஸ்களை எங்கே தேடுவது, மேடையில் எப்படிப் பேசுவது என்பதற்குள் போகப்போவதில்லை. படிவத்தை நிரப்பி அனுப்பும் வரைதான். உதாரணம் மென்பொருள் துறையிலிருந்து எடுத்திருக்கிறேன், எனக்குப் பழக்கமானது அது. நூலகர்கள், செவிலியர்கள், கணக்காளர்கள் நடத்தும் மாநாடுகளுக்கும் இதே வழி பொருந்தும்.

ப்ரபோசல், அதாவது உரைக்கான முன்மொழிவு, அனுப்பியும் இருக்கிறேன், ரிவ்யூ குழுவில் இருந்து மற்றவர்கள் அனுப்பியதைப் படித்தும் இருக்கிறேன். இரண்டாவது வேலையைச் செய்தபோதுதான் படிவத்தின் ஒவ்வொரு பெட்டியும் யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. அப்ஸ்ட்ராக்ட், அதாவது உரையின் சுருக்கம், நிகழ்ச்சி நிரலில் அச்சாகும். எந்த அறைக்குப் போகலாம் என்று யோசிக்கிற பார்வையாளர் அதைப் படிப்பார். அவுட்லைனும் (எந்த நிமிடத்தில் எதைப் பேசுவீர்கள் என்ற திட்டம்) "ரிவ்யூவருக்கான குறிப்பு" என்ற பெட்டியும் பெரும்பாலும் வெளியே வராது. உங்களைத் தேர்ந்தெடுக்கலாமா என்று முடிவு செய்கிறவர் மட்டும் பார்ப்பார். புதிதாக எழுதுகிறவர்கள் நேரம் முழுவதையும் அப்ஸ்ட்ராக்டில் செலவழித்துவிட்டு அவுட்லைனில் நாலு வரி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்.

படி 1: கேள்விகளைப் படிவத்திலிருந்து வெளியே எடுங்கள்

பிரௌசரில் நேரடியாகத் தட்டச்சு செய்யாதீர்கள். லாகின் காலாவதியானால் எழுதியது போய்விடும். எல்லாக் கேள்விகளையும், ஒவ்வொன்றின் எழுத்து வரம்பையும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எடுத்து வையுங்கள். நான் நோட்பேட் மாதிரியான எளிய எடிட்டரைத்தான் பயன்படுத்துகிறேன். வேர்டிலிருந்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறியும் விசித்திரமான இடைவெளிகளும் கூடவே வரும். ப்ரபோசல் வாங்கும் தளங்களில் ஒன்றான ப்ரிடால்க்ஸில் மார்க்டவுன் (எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை) வேலை செய்யும். மற்ற தளங்களில் அனுப்பும் முன் ப்ரிவ்யூ பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தேதிக்குப் பக்கத்தில் "ஏ.ஓ.இ" என்று இருந்தால் அது "பூமியில் எங்காவது" என்ற கணக்கு, அதாவது யு.டி.சி-க்கு (உலகப் பொது நேரம்) 12 மணி நேரம் பின்னால். உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் அந்தத் தேதி இன்னும் மீதமிருந்தால் நீங்களும் அனுப்பலாம். இதை நம்பிக் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். அந்த நேரத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், தளம் திணறும்.

படி 2: விஷயத்தைக் குறுக்குங்கள்

"டேட்டாபேஸ் பேக்கப்" என்பது வெறும் தலைப்பு. அதை வைத்து அரை மணி நேரமும் பேசலாம், மூன்று நாளும் பேசலாம். எதைப் பேசப்போகிறீர்கள் என்று ரிவ்யூவருக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியாமல் இருக்கவும் வாய்ப்புண்டு.

இதற்கு ஒரு கேள்வி போதும்: உங்கள் பேச்சைக் கேட்டவர் அடுத்த வேலை நாளில் எதை வேறு மாதிரி செய்வார்? பதில் ஒரு வாக்கியத்தில் வர வேண்டும். "பேக்கப்பின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வார்" என்றால் செல்லாது, புரிந்துகொண்டு என்ன செய்வார்? "பேக்கப் எடுத்ததோடு நிற்காமல், வாரம் ஒருமுறை அதைக் காலி சர்வரில் தானாக ரீஸ்டோர் செய்து (திரும்ப ஏற்றி) பார்ப்பார்" என்றால் செல்லும். இனி ப்ரபோசலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற எல்லாச் சண்டையையும் இந்த வாக்கியத்தை வைத்தே தீர்த்துக்கொள்ளலாம்.

பதில் வரவில்லை என்றால் விஷயம் இன்னும் பழுக்கவில்லை. கடைசித் தேதி நெருங்குகிறதே என்று அதோடு அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: அவுட்லைன்

என்னிடமிருந்து அதிக நேரத்தைத் தின்றது இந்தப் படிதான். ரிவ்யூவராகப் படித்தபோது மற்றவர்கள் அதிகம் சறுக்கியதைப் பார்த்ததும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ரிவ்யூவர் மனதில் இரண்டு சந்தேகங்கள் இருக்கும். இவரிடம் சரக்கு இருக்கிறதா? கொடுத்த நேரத்துக்குள் அதைச் சொல்லி முடிப்பாரா? அப்ஸ்ட்ராக்டை எவ்வளவு அழகாக எழுதினாலும் இந்த இரண்டுக்கும் அதில் பதில் கிடைக்காது. அவுட்லைனில் மட்டும்தான் கிடைக்கும்.

அடிக்கடி வரும் அவுட்லைன் இப்படி இருக்கும்:

அறிமுகம் – 5 நிமிடம்
பேக்கப் பற்றி – 10 நிமிடம்
டெமோ – 10 நிமிடம்
கேள்வி பதில் – 5 நிமிடம்

நேரம் கூட்டினால் 30 வருகிறது, அவ்வளவுதான். "பேக்கப் பற்றி" என்ன? டெமோவில் எதைக் காட்டுவார்? இந்த அவுட்லைனில் பேக்கப் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு எதைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். பொருந்தினால் அது அவுட்லைன் இல்லை.

அதே 30 நிமிடத்துக்கு இன்னொன்று:

0–3: சூழ்நிலை. சர்வர் போய்விட்டது, டம்ப் கோப்பு (பேக்கப்பாக எடுத்து வைத்தது) இருக்கிறது, புது சர்வரில் ஏற்றினால் பிழை மேல் பிழை.
3–9: ஏன்? போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பேக்கப் கருவியான பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும். யூசர் ரோல்கள் (பயனர் கணக்குகள்) முழு சர்வருக்கும் பொதுவானவை, அந்தக் கோப்பில் வராது. எக்ஸ்டென்ஷன்களும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) புது சர்வரில் முன்பே நிறுவியிருக்க வேண்டும்.
9–18: வாராந்திர ரீஸ்டோர் ஸ்கிரிப்ட். காலி சர்வரை எழுப்புவது, ரீஸ்டோர், முக்கிய டேபிள்களின் வரிசை எண்ணிக்கையைச் சரிபார்ப்பது, எடுத்துக்கொண்ட நேரத்தைப் பதிவு செய்வது. முன்பே பதிவு செய்த திரைக்காட்சி, லைவ் இல்லை.
18–23: இந்த முறைக்குப் பிடிபடாதவை. என்க்ரிப்ஷன் சாவி பழைய சர்வரிலேயே மாட்டிக்கொள்வது. டேட்டாபேஸ் பெரிதானால் டம்ப்பிலிருந்து ரீஸ்டோர் செய்வது மணிக்கணக்கில் இழுப்பது, அப்போது பிசிகல் பேக்கப்புக்கு (டேட்டாபேஸ் கோப்புகளையே நகலெடுப்பது) மாறுவது.
23–25: முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை.
25–30: கேள்விகள்.

இந்த வேலையைச் செய்து பார்க்காதவர் 18–23 வரியை எழுத முடியாது. தன் முறை எங்கே தோற்கும் என்று சொல்கிற ஒரு பகுதி இருந்தால் ரிவ்யூவருக்கு நம்பிக்கை தானாக வரும். உங்கள் துறை எதுவானாலும் இப்படி ஒரு வரியைத் தேடிப் பிடியுங்கள். ஒரு நூலகர் புத்தக வகைப்பாட்டை மாற்றியதைப் பற்றிப் பேசுகிறார் என்றால், எந்தப் பிரிவுக்குப் புது முறை ஒத்துவரவில்லை என்பதுதான் அந்த வரி.

நேரம் போடும்போது தோராயமாக அடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பகுதியையும் டைமர் வைத்துத் தனியாக வாய்விட்டுப் பேசிப் பாருங்கள், ஸ்லைடு எதுவும் வேண்டாம். ஒன்பது நிமிடம் என்று நினைத்த பகுதி பதினைந்தைத் தாண்டும். அப்போது எதை வெட்டுவது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுகிறீர்கள், மேடையில் இல்லை. கொடுத்த 30 நிமிடத்தில் கேள்வி நேரமும் அடக்கமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கான்ஃபரன்ஸுக்கு கான்ஃபரன்ஸ் இது மாறும்.

லைவ் டெமோ பற்றி என் கட்சி தெளிவானது: வேண்டாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர். செய்தே தீருவேன் என்றால், அது ஓடாவிட்டால் என்ன காட்டுவீர்கள் என்று அவுட்லைனில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

படி 4: அப்ஸ்ட்ராக்ட்

அவுட்லைன் முடிந்தபின் இது சுலபம். முதல் வரியிலேயே பிரச்சினை, அப்புறம் நீங்கள் காட்டப்போவது, கடைசியாக யாருக்கானது என்பது.

பேக்கப் உதாரணத்துக்கு எழுதினால்:

"தினமும் பிழையில்லாமல் முடிகிற பேக்கப்பைக்கூடக் காலி சர்வரில் ஏற்ற முடியாமல் போகலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி டம்ப் தரும் கோப்பில் யூசர் ரோல்கள் இருக்காது. தேவையான எக்ஸ்டென்ஷன்கள் புது சர்வரில் இல்லாமல் இருக்கலாம். பேக்கப்பை வாரம் ஒருமுறை தானாக ரீஸ்டோர் செய்து சரிபார்க்கும் ஒரு சிறிய ஸ்கிரிப்டை இந்த உரையில் படிப்படியாகப் பார்ப்போம். அது எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும் என்பதையும் பேசுவோம். டேட்டாபேஸுக்கென்று தனி ஆள் இல்லாத சின்னக் குழுக்களுக்கானது. எஸ்.க்யூ.எல் அடிப்படை தெரிந்தால் போதும்."

"இன்றைய வேகமான உலகில்" என்று தொடங்குகிற எதையும் அழித்துவிடுங்கள். "என்ன தீர்வு என்பதை உரையில் வெளிப்படுத்துவேன்" என்று புதிர் போடாதீர்கள். முடிவைத் தெரிந்துகொண்டும் ஜனங்கள் வருவார்கள், அதை எப்படிச் செய்தீர்கள் என்று பார்க்கத்தான் வருகிறார்கள். ஏ.ஐ-யிடம் முழு அப்ஸ்ட்ராக்டையும் எழுதி வாங்காதீர்கள் என்பது என் கருத்து. ஒரே நாளில் வரிசையாகப் படிக்கிறவருக்கு அந்த வழுவழுப்பு சீக்கிரம் அடையாளம் தெரிந்துவிடும். இலக்கணம் சரிபார்க்கப் பயன்படுத்தினால் தப்பில்லை.

தலைப்பை இதற்குப் பிறகு வையுங்கள். நகைச்சுவை இருக்கலாம், ஆனால் தலைப்பை மட்டும் படிக்கிறவருக்கும் விஷயம் தெரிய வேண்டும். "பேக்கப் இருக்கிறது, ரீஸ்டோர் ஆகுமா?" போதும்.

படி 5: பயோ, ரிவ்யூவருக்கான குறிப்பு

பயோவில் பட்டங்களின் வரிசை தேவையில்லை. இந்த விஷயத்துக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று மூன்று வரி எழுதுங்கள். முதல் முறை பேசுகிறவர் என்றால் குறிப்புப் பெட்டியில் அதைச் சொல்லிவிடலாம். புதியவர்களுக்கென்று இடம் ஒதுக்குகிற கான்ஃபரன்ஸ்கள் உண்டு, வழிகாட்டி ஒருவரைத் தருகிறவர்களும் உண்டு. உங்கள் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் பேசிய வீடியோ இருந்தால் அதன் லிங்க்கும் இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. முதல் சுற்றில் பெயரை மறைத்துப் படிக்கிற குழுக்கள் இருக்கின்றன. அங்கே அப்ஸ்ட்ராக்டிலோ அவுட்லைனிலோ உங்கள் பெயர், நிறுவனம், கிட்ஹப் லிங்க் எதுவும் வரக்கூடாது. "எங்கள் நிறுவனத்தில்" என்று எழுதினால் பிரச்சினையில்லை. விதிகளைப் படித்துவிட்டு, கோப்பில் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

படி 6: இன்னொருவர் கண்

உங்கள் துறையில் இருக்கிற, ஆனால் இந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். "இதைப் படித்துவிட்டு நான் என்ன பேசப்போகிறேன் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் படி 2-இல் எழுதிய வாக்கியமும் ஒத்துப்போனால் அனுப்பிவிடலாம். கூகுள் டாக்ஸில் பகிர்வது இந்த ஒரு கட்டத்துக்கு வசதி, ஓரத்தில் குறிப்பு எழுதிவிடுவார்கள்.

பிற்சேர்க்கை

கமென்டில் வந்த சில கேள்விகளுக்கு இங்கேயே பதில் சேர்க்கிறேன்.

ஒரே உரையைப் பல இடங்களுக்கு அனுப்பலாமா? தொழில்முறை கான்ஃபரன்ஸ்களில் பொதுவாகத் தடையில்லை. ப்ரபோசல் வாங்கும் இன்னொரு தளமான செஷனைஸில் ஸ்பீக்கர் ப்ரொஃபைலை மீண்டும் மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் வசதியே இருக்கிறது. ஆய்வுக் கட்டுரை கேட்கிற கல்விசார் மாநாடுகளில் கதை வேறு, ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவது அங்கே பெரும்பாலும் விதிமீறல். எப்படியானாலும், யாருக்கானது என்ற பகுதியையாவது ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் மாற்றி எழுதுங்கள்.

தமிழில் ப்ரபோசல் அனுப்பிய ஒருவர் எழுத்து வரம்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்றார். உண்மைதான். கணினி யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது, நாம் எழுத்துகளை எண்ணுகிறோம். "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, படிவத்துக்கு ஐந்து. எழுதும்போதே வரம்பில் பாதியைத்தான் உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலக அனுமதி எப்போது வாங்குவது? அனுப்பும் முன். சம்பவ விவரம், வாடிக்கையாளர் தரவு, திரைக்காட்சிகள் எதுவும் உரையில் வருவதாக இருந்தால் வாய்மொழி ஒப்புதல் போதாது, மெயிலில் வாங்கி வையுங்கள். தேர்வான பிறகு அனுமதி கிடைக்காமல் விலகினால் நிரலில் ஓட்டை விழும், அமைப்பாளர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

நிராகரித்துவிட்டார்கள் என்றால்? காரணம் கேட்டு ஒரு மெயில் அனுப்பலாம். சிலர் ரிவ்யூவர் குறிப்புகளைத் தருவார்கள், பலருக்கு அதற்கு நேரம் இருக்காது. அதே தலைப்பில் இன்னொருவரை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்ற காரணம் அடிக்கடி வரும். அப்படியென்றால் ப்ரபோசலில் கை வைக்காமல் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். "என்ன பேசப்போகிறார் என்று புரியவில்லை" என்று வந்தால் படி 2-க்குத் திரும்புங்கள், அப்ஸ்ட்ராக்டின் வார்த்தைகளை மட்டும் மாற்றிப் பயனில்லை.